கண்மணிய அளக்குறதும் கதை அளக்குறதும்

கேமரா முன்னாடி உக்காந்தா போதும், கண்ணு எங்க பாக்குது, கண்மணி எவ்வளவு விரியுதுங்கறத வச்சே நீங்க சந்தோசமா இருக்கீங்களா, பயந்து போயிருக்கீங்களா, பொய் சொல்லுதீங்களான்னு ஏஐ சொல்லிரும்னு இப்ப நெறைய பேச்சு ஓடுது. ஆன்லைன் இன்டர்வியூ, வீட்டுல இருந்து எழுதுற பரீட்சை, லாரி டிரைவர் முன்னாடி மாட்டுற கேமரா, தலையில மாட்டுற விஆர் ஹெட்செட்னு எல்லாத்தையும் ஒரே சாக்குல அள்ளிப் போட்டுப் பேசுததால எது நெசம் எது விளம்பரம்னு பிரிக்க முடியல. திருநெல்வேலிப் பக்கம் "முழியே சரியில்லயே"ன்னு ஒத்த வார்த்தையில ஆள எடை போட்டுருவாங்க, அந்த வேலயத்தான் இப்ப மெஷின்ட்ட குடுக்கப் பாக்காங்க. உள்ள ஏதோ நடக்குன்னு கண்மணி காட்டும், என்ன நடக்குன்னு காட்டாது. இந்த வித்தியாசம் புரிஞ்சா மிச்சக் கொழப்பம் பாதி தீந்துரும்.

மொதல்ல வார்த்தைங்க

1. கண்மணி: கண்ணு நடுவுல கறுப்பா தெரியுற வட்டம். பாப்பா, பாவைன்னும் சொல்லுவோம். அது ஒரு பொருளே கெடயாது, ஓட்டை. உள்ள இருட்டா இருக்கதால கறுப்பா தெரியுது.

2. ஐரிஸ்: அந்த ஓட்டையச் சுத்தி இருக்க வளையம். நமக்கு பெரும்பாலும் அடர் பழுப்பு. இதத்தான் பலபேரு கருவிழின்னு சொல்லுதாங்க, ஆனா கண் ஆஸ்பத்திரில கருவிழின்னா முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்க கார்னியா, அதனால இங்க ஐரிஸ்னே வச்சுக்கிடுவோம்.

3. தாவலும் நிலைப்பும்: அசையாத ஒண்ணப் பாக்கும்போது கண்ணு வழுக்கிட்டுப் போறதில்ல, எடத்துக்கு எடம் தவ்வுது. ஒரு எடத்துல கால் நொடி போல நிக்கும், டக்குனு அடுத்த எடத்துக்குத் தாவும். நொடிக்கு சுமாரா மூணு தாவல். படிக்கும்போது கண்ணு இப்படித்தான் தாவித் தாவிப் போவுதுன்னு 1879-லயே பிரான்ஸ்ல லூயி எமில் ஜாவால் எழுதி வச்சிருக்காரு.

4. வேகமும் திசையும்: உணர்ச்சிக்கு ரெண்டு பக்கம் உண்டு. உடம்பு எவ்வளவு முடுக்கி விட்டிருக்குங்கறது வேகம், அது நல்லதுக்கா கெட்டதுக்காங்கறது திசை. பஸ்ல ஸ்பீடாமீட்டர் 60-னு காட்டும், வண்டி தென்காசி போவுதா நாகர்கோவில் போவுதான்னு அதப் பாத்து சொல்ல முடியாது, போர்டத்தான் பாக்கணும். கண்மணி ஸ்பீடாமீட்டர்.

கண்மணிய யாரு தெறக்கா, யாரு சுருக்குதா

ஐரிஸ்குள்ள ரெண்டு தசை இருக்கு. ஒண்ணு வளையம் மாதிரி, சுருக்குப்பைக் கயிறப் போல இழுத்தா ஓட்டை சின்னதாவும். இன்னொண்ணு சைக்கிள் கம்பி மாதிரி நடுவுல இருந்து வெளிய போவுது, அது இழுத்தா ஓட்டை பெருசாவும். வளையத் தசைய ஓட்டுறது உடம்ப அமைதிப்படுத்துற பாராசிம்பதெடிக் நரம்பு, கம்பித் தசைய ஓட்டுறது உடம்ப முடுக்குற சிம்பதெடிக் நரம்பு. பாம்பப் பாத்தா நெஞ்சு அடிக்கது, கை வேர்க்கது, கண்மணி விரியுறது எல்லாம் இந்த ரெண்டாவது நரம்பு பாக்குற வேலதான், ஒரே கரண்ட் லைன்ல மூணு பல்பு எரியுற மாதிரி. மூளைத்தண்டுல லோகஸ் செருலியஸ்னு ஒரு சின்ன எடம் இருக்கு, நாரட்ரினலின்ங்கற உசுப்புற வேதிப்பொருள மூளை பூரா அனுப்புறது அங்க இருந்துதான். அது உசுப்பானா கண்மணியும் கூடவே விரியுது.

நெல்லை வெயில்ல கண்மணி 2 மில்லிமீட்டருக்கு சுருங்கும், நல்ல இருட்டுல இளவட்டங்களுக்கு 8 வரைக்கும் விரியும். பரப்பளவுல கணக்குப் போட்டா 16 மடங்கு. ஆனா உணர்ச்சியாலயோ யோசனையாலயோ வர்ற மாத்தம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கீழ. வெளிச்சம்ங்கற மேளச்சத்தத்துக்கு நடுவுல ஒருத்தர் காதுல குசுகுசுன்னு பேசுறதக் கேக்குற மாதிரி வேல இது. நேரமும் வேற வேற. வெளிச்சம் பட்டா கால் நொடிக்குள்ள சுருங்க ஆரம்பிச்சுரும், உணர்ச்சியால வர்ற விரிவு மெதுவாத்தான் ஏறும், உச்சிக்கு வர ஒண்ணு ரெண்டு நொடி ஆவும்.

மருந்தும் இந்தத் தசைங்கள ஆட்டி வைக்கும். கண் ஆஸ்பத்திரில சொட்டு மருந்து ஊத்தி பெஞ்சுல வரிசையா உக்கார வச்சிருப்பாங்கள்ல, அது வளையத் தசைய அமுக்கி வைக்கிற மருந்து. ரோட்டோரம் மொளச்சுக் கெடக்க ஊமத்தையில இருக்கதும் அதே சாதி வேதிப்பொருள்தான், தெரியாம தின்னவன் கண்மணி தாம்பாளம் மாதிரி விரிஞ்சு கெடக்கும். வயக்காட்டுல அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உள்ள போயிட்டா நேர் எதிரா ஊசிமுனை அளவுக்கு சுருங்கிரும், ஆஸ்பத்திரில டார்ச் அடிச்சு மொதல்ல அதத்தான் பாப்பாங்க. சர்க்கரை வியாதி நரம்பத் தொட்டுட்டா கண்மணி சின்னதாவே நிக்கும். வயசானாலும் அப்படித்தான், இருட்டுலயும் பெருசா விரியாது.

இருட்டுக்கடை கணக்கு

நெல்லையப்பர் கோயில் முன்னாடி இருட்டுக்கடை வாசல்ல சாயங்காலம் அல்வாவுக்கு வரிசையில நிக்க ஒருத்தர் கண்மணிய அளக்குறோம்னு வச்சுக்கிடுங்க. 6 மில்லிமீட்டர் இருக்கு. ஏன்?

1. அல்வா மேல ஆசையா இருக்கலாம்.
2. முன்னாடி நிக்கவன் வரிசைய முறிச்சுட்டாங்கற கோவமா இருக்கலாம்.
3. அரைக்கிலோவுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு வரணும்னு மனக்கணக்கு போடுதா இருக்கலாம்.
4. தீந்து போயிருமோங்கற பயமா இருக்கலாம்.
5. கடையில வெளிச்சம் கம்மி, அவ்வளவுதான்.

அஞ்சுமே விரிய வைக்கும். இதுல அஞ்சாவதுதான் மத்த நாலையும் முழுங்குற அளவுக்குப் பெருசு. அவரு நிமிந்து தெருவிளக்கப் பாத்தா அளவு மாறும், கிட்டத்துல போனப் பாத்தா மாறும் (கிட்டத்துல பாத்தா கண்மணி சுருங்குறது தனி ஏற்பாடு). ஆசை கொறஞ்சதாலயான்னு கேட்டா சிரிப்புதான் வரும். ஆனா சாஃப்ட்வேர் நம்பர் குடுக்கும்போது யாரும் சிரிக்கதில்ல.

1960-ல ஆரம்பிச்ச ஆசை

சிகாகோ பல்கலைக்கழகத்துல எக்கார்ட் ஹெஸ்னு ஒரு உளவியல்காரர் ராத்திரி படுக்கையில மிருகப் படப் புஸ்தகம் பாத்துட்டு இருக்காரு, வெளிச்சம் போதலயோ, ஒங்க கண்மணி இம்புட்டு பெருசா இருக்கேன்னு அவரு வீட்டம்மா கேக்காங்க. மறுநாளே ஆராய்ச்சிக்கூடத்துல வேலய ஆரம்பிச்சுட்டாரு. 1960-ல ஜேம்ஸ் போல்ட் கூட சேந்து சயன்ஸ் பத்திரிகையில கட்டுரை போட்டாரு. பாத்த ஆளுங்க ஆறே பேரு, நாலு ஆம்பள ரெண்டு பொம்பள. பொம்பளைங்களுக்கு கைக்குழந்தை படத்துக்கு விரியுது, ஆம்பளைங்களுக்கு பொம்பள படத்துக்கு விரியுதுன்னு சொன்னாங்க. ஆறு பேர வச்சு கெளம்பின சேதி ஒலகம் பூரா சுத்தி வந்துச்சு, விளம்பரக் கம்பெனிக்காரங்க விடுவாங்களா, எந்த பாக்கெட்டு டிசைன் பிடிக்குன்னு கண்மணிய அளந்து பாக்க ஆரம்பிச்சாங்க.

ஹெஸ் அதோட நிக்கல. பிடிச்சதுக்கு விரியும், பிடிக்காததுக்கு சுருங்கும்னு சொன்னாரு. அதாவது கண்மணி திசையையும் காட்டும்னு சொன்னாரு. இங்கதான் வழி தப்பிச்சு. படத்துல ஒரு எடம் வெள்ளையா ஒரு எடம் கறுப்பா இருந்தா கண்ணு எந்த எடத்துல நிக்கோ அத வச்சே அளவு மாறும், மொத்தப் படத்தோட வெளிச்சத்த மட்டும் சமன் பண்ணா போதாது. 2008-ல மார்கரெட் பிராட்லியும் அவங்க கூட்டாளிங்களும் இன்னும் ஒழுங்கா செஞ்சு பாத்தாங்க. சந்தோசப் படத்துக்கும் விரியுது, கோரமான படத்துக்கும் விரியுது, சாதாப் படத்துக்குத்தான் கம்மி. வேர்வையால தோலு கரண்ட் கடத்துற அளவு எப்ப ஏறுதோ அப்பத்தான் கண்மணியும் ஏறுது. ரெண்டும் ஒரே லைன் பல்புன்னு மேல சொன்னது இதத்தான்.

இன்னொரு சிக்கலயும் ஹெஸ்ஸும் போல்ட்டுமே 1964-ல கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. 7-ஐ 8-ஆல பெருக்கச் சொன்னா கொஞ்சம் விரியுது, 16-ஐ 23-ஆல பெருக்கச் சொன்னா ரொம்ப விரியுது, பதில் சொல்லி முடிச்சதும் பழைய அளவுக்கு வந்துருது. 1966-ல டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் நம்பர் வரிசைய ஞாபகம் வச்சு திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, ஒவ்வொரு நம்பர் கூடக்கூட கண்மணி படிப்படியா விரிஞ்சுது, சொல்லச் சொல்ல இறங்கிச்சு. பின்னால பொருளாதார நோபல் வாங்கின அதே கானமன்தான். அப்பம் இன்டர்வியூல கஷ்டமான கேள்வி கேட்டு ஒருத்தர் கண்மணி விரிஞ்சா அது பயமா, பொய்யா, இல்ல நெசமாவே யோசிக்காரா? கண்மணிய மட்டும் வச்சு பிரிக்க வழியில்ல. நல்லா யோசிச்சு பதில் சொல்ற ஆளுக்குத்தான் முதல்ல மார்க் கொறையும்.

கண்ணு எங்க போவுதுங்கறது என்ன சொல்லும்

கண் ஓட்டத்துல கண்மணிய விட கூட சேதி இருக்கு. ரஷ்யாக்காரர் ஆல்பிரட் யார்பஸ் கண்ணு மேல சின்ன உறிஞ்சுக்கிண்ணம் ஒட்டி (கேக்கவே கண்ணு கூசுது) ஒரே ஓவியத்த பல கேள்வியோட பாக்கச் சொன்னாரு. இவங்களுக்கு வயசு என்ன இருக்கும்னு கேட்டா கண்ணு மூஞ்சிங்க மேல சுத்துது, வசதி எப்படின்னு கேட்டா துணிமணி, சாமான் மேல போவுது. படம் ஒண்ணு, தடம் வேற வேற. கண்ணு போற தடம் பாக்குறவன் மனசுல இருக்க வேலயச் சொல்லுது. அந்த வேலய விட்டுட்டு தடத்த மட்டும் வச்சு உணர்ச்சி சொல்றது அரைகுறை வேல.

பதட்டம் அதிகம் இருக்கவங்க கண்ணு மெரட்டுற மூஞ்சி பக்கம் சீக்கிரம் போவுது, மனச்சோர்வு இருக்கவங்க சோகப் படத்துல கூட நேரம் நிக்காங்கன்னு பல ஆய்வுங்கள்ல தெரிஞ்சிருக்கு. ஆனா அது கூட்டத்தோட சராசரி. பத்தாங்கிளாஸ் பசங்க சராசரி ஒசரம் ஒம்பதாங்கிளாஸ விட கூடத்தான், அதுக்காவ ஒருத்தன் ஒசரத்த அளந்து அவன் எந்த கிளாஸ்னு சொல்லிர முடியுமா.

ஒரு பொய்யையும் இங்கயே அடிச்சு விட்டுரலாம். கண்ணு ஒரு பக்கமா மேல போனா பொய், இன்னொரு பக்கம் போனா உண்மைன்னு பயிற்சி வகுப்புங்கள்ல சொல்லிக் குடுக்காங்க. 2012-ல ரிச்சர்ட் வைஸ்மன், கரோலின் வாட் குழு இத சோதிச்சுப் பாத்துட்டு ஒரு சம்பந்தமும் இல்லன்னு எழுதிட்டாங்க.

அப்புறம் ஊர் வழக்கம். பெரியவங்க முன்னாடி தல குனிஞ்சு நிக்கது இங்க மரியாதை. "என்னல மொறைக்க"ன்னு ஆரம்பிச்சு வெட்டுக்குத்துல முடிஞ்ச கேஸ் எத்தனையோ இருக்கு. யாரு யார நேருக்கு நேர் பாக்கலாம், எவ்வளவு நேரம் பாக்கலாங்கறது இந்த ஊர்ல வயசும் சாதியும் ஆணா பொண்ணாங்கறதும் சேந்து முடிவு பண்ண விஷயமா இருந்துருக்கு, இன்னும் பூரா போயிரல. வேற தேசத்து காலேஜ் பசங்க கண்ண வச்சுப் பழக்கின சாஃப்ட்வேர் மானூர்ல இருந்து மொத இன்டர்வியூக்கு வந்த புள்ள தரையப் பாத்து பேசுனா அத என்னன்னு எழுதும்? தன்னம்பிக்கை இல்ல, எதையோ மறைக்குன்னுதான் எழுதும்.

மெஷின் எப்படி அளக்குது

ஒழுங்கான கருவி கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளிய கண்ணு மேல அடிக்கும். கார்னியாவுல ஒரு சின்ன பொட்டு மாதிரி அது மினுங்கும். அந்தப் பொட்டுக்கும் கண்மணி நடுவுக்கும் உள்ள தூரத்த வச்சு பார்வை எங்க இருக்குன்னு கணக்குப் போடும். அதுக்கு முன்னாடி திரையில அஞ்சு இல்ல ஒம்பது புள்ளி காட்டி ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் தனியா சரிபாக்கணும்.

இன்ஃப்ராரெட் எதுக்குன்னா, நம்ம கண்ணு நிறம் அப்படி. சாதா வெளிச்சத்துல நம்ம ஐரிஸும் கறுப்பு, கண்மணியும் கறுப்பு, எல்லை எங்கன்னு கேமராவுக்குத் தெரியாது. இன்ஃப்ராரெட்ல மெலனின் அவ்வளவா ஒளிய முழுங்காது, ஐரிஸ் சாம்பலா வெளிறித் தெரியும், கண்மணி மட்டும் கறுப்பா நிக்கும். நீலக் கண்ணுக்காரனுக்கு சாதா கேமராவுலயே ஓரளவு தெரியும், நமக்குத் தெரியாது. இதுலயே பாதி விளம்பரம் அடிபட்டுப் போவுது.

மிச்சப் பாதிக்கு கணக்கு போட்டுப் பாப்போம்.

1. லேப்டாப் கேமரா படத்தோட அகலம் 1280 புள்ளி (பிக்சல்)னு வைங்க. 60 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்தா அது சுமாரா 75 சென்டிமீட்டர் அகலத்தப் பாக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றே முக்கால் புள்ளி வரும்.
2. ஐரிஸோட அகலம் 12 மில்லிமீட்டர் கிட்ட. அப்ப முழு ஐரிஸே 20 புள்ளிதான்.
3. உணர்ச்சியால 0.2 மில்லிமீட்டர் விரிஞ்சா அது ஒரு புள்ளியில மூணுல ஒரு பங்குதான். புள்ளிய உடைச்சு அளக்கணும், அதுவும் கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல.
4. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 33 மில்லிசெகண்ட். சின்னத் தாவல் அந்த எடவெளிக்குள்ளயே ஆரம்பிச்சு முடிஞ்சுரும். ஆராய்ச்சிக்கூடத்துக் கருவி நொடிக்கு 1000 படம் வரைக்கும் எடுக்குது.

இது போக கண்ணாடி போட்டவங்களுக்கு பளபளப்பு, கண்மை போட்டவங்களுக்கு இமையோரக் கறுப்பு, பக்கவாட்டுல பாத்தா வட்டம் முட்டை வடிவமாத் தெரியுறது, நடுவுல சிமிட்டுறது. ஆராய்ச்சிக்கூடத்துல தாடைய ஒரு தாங்கியில வைக்கச் சொல்லி, விளக்கு மாறாம பாத்து, ஒரே மாதிரி படத்த பல தடவ காட்டி சராசரி எடுத்துத்தான் அந்த அரை மில்லிமீட்டரப் பிடிக்காங்க. வீட்டு ஜன்னல் பக்கம் உக்காந்து இன்டர்வியூ குடுக்கவன் மேல மேகம் ஒண்ணு கடந்து போனா போதும், எல்லாம் போச்சு.

கனடாவுல நடந்தது

அளவு தப்புங்கறத மீறி அரசாங்கம் நம்பினா என்ன ஆவும்ங்கறதுக்கு 1960-கள்ல ஒரு நெசக்கதை இருக்கு. அரசு வேலையில இருக்க தன்பால் ஈர்ப்புள்ளவங்கள கண்டுபிடிச்சு வெளியேத்தணும்னு கனடா அரசாங்கம் நெனச்சுது. கார்ல்டன் பல்கலைக்கழகத்து ராபர்ட் வேக்ட்ட ஒரு திட்டம் குடுத்தாங்க: படங்களக் காட்டு, கண்மணிய அளந்து யாருன்னு சொல்லு. ஹெஸ்ஸோட யோசனைதான் அதுக்கு அடிப்படை. போலீஸ்காரங்களே கிண்டலா அந்தக் கருவிக்கு பழ மெஷின்னு பேரு வச்சாங்க (இங்கிலீஷ் கொச்சையில 'ஃப்ரூட்'னா தன்பால் ஈர்ப்புள்ளவங்களக் கேலி பண்ற வார்த்தை). படத்துக்குப் படம் மாறுற வெளிச்சம், ஆளுக்கு ஆள் மாறுற கண்ணளவு, எதையும் சமாளிக்க முடியல, 1967-ல பணம் நின்னு போச்சு. மெஷின் தோத்துது, ஆனா துரத்துறது நிக்கல. வேற வழியில விசாரிச்சு ஆயிரக்கணக்கான பேரோட வேலயக் காலி பண்ணாங்க. 2017 நவம்பர் 28-ல பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்துல மன்னிப்பு கேட்டாரு.

எங்க நம்பலாம், எங்க கூடாது

1. தூக்கம்: நம்பலாம். கண்ணு எம்பது சதவீதத்துக்கு மேல மூடி இருக்க நேரம் எவ்வளவுன்னு எண்ணுற பெர்க்லோஸ்ங்கற அளவு 1990-கள்ல இருந்து இருக்கு. இமைய அளக்குறது ஈசி, பதிலும் ஒண்ணுதான்: தூங்குதானா இல்லயா. கயத்தாறு தாண்டி நாலுவழிச்சாலையில ராத்திரி ரெண்டு மணிக்குப் போற லாரிக்கு இது நல்லதுதான். ஐரோப்பாவுல 2024 ஜூலையில இருந்து எல்லா புது கார், வேன், பஸ், லாரிக்கும் தூக்க எச்சரிக்கை கட்டாயம். இது உணர்ச்சி அளக்குறது இல்லங்கறத மட்டும் மறக்காதீங்க.

2. ஆஸ்பத்திரி: நம்பலாம். தலையில அடிபட்டவங்க கண்மணி வெளிச்சத்துக்கு எப்படி சுருங்குதுன்னு அளக்க கைக்கருவியே இருக்கு.

3. விஆர் ஹெட்செட்: கண்ணுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி இன்ஃப்ராரெட் கேமரா, திரையோட வெளிச்சமும் கம்பெனி கையில. மேல சொன்ன கோளாறு பாதி இங்க கெடயாது, அதனாலதான் இது லேப்டாப்ப விட ஆபத்து. எதப் பாத்து எவ்வளவு உசுப்பானீங்கங்கற வரைக்கும் ஓரளவு பிடிச்சிரலாம், விளம்பரக்காரனுக்கு அதுவே போதும். ஆப்பிள் விஷன் ப்ரோவுல பார்வை போற எடத்த ஆப்புங்களுக்குக் குடுக்கதில்லன்னு அந்தக் கம்பெனி வெளிப்படையாவே சொல்லுது.

4. பொய் பிடிக்கிறது: கூடாது. ஒரு மெஷின் நூத்துக்கு 90 சரியாச் சொல்லும்னே வச்சுக்கிடுவோம், அதுவே ரொம்ப தாராளம். ஆயிரம் பேர் வேலைக்கு வாராங்க, நூறு பேர் பொய் சொல்லுதாங்க. அதுல 90 பேரு மாட்டுவாங்க. மிச்ச 900 யோக்கியங்கள்ல பத்துல ஒருத்தர், அதாவது இன்னொரு 90 பேரும் மாட்டுவாங்க. மாட்டுனவங்கள்ல சரிபாதி ஒரு தப்பும் பண்ணாதவங்க.

5. வேலைக்கும் பரீட்சைக்கும் உணர்ச்சி மார்க்: கூடாது. 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்டே தன்னோட முகம் பாக்குற சேவையில உணர்ச்சி சொல்ற பகுதிய நிறுத்துறோம்னு அறிவிச்சிருச்சு.

சட்டம் எங்க நிக்கு

ஐரோப்பிய ஏஐ சட்டப்படி 2025 பிப்ரவரி 2-ல இருந்து வேல பாக்குற எடத்துலயும் பள்ளிக்கூடம், காலேஜ்லயும் ஏஐ வச்சு உணர்ச்சி கண்டுபிடிக்கக் கூடாது, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. டிரைவர் தூக்கம் பாக்குறதுக்கு தடை இல்ல.

நம்ம நாட்டுல செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல 2010 மே 5-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிருக்கு: நார்கோ (மருந்து குடுத்து பேச வைக்கிறது), பாலிகிராஃப் (பொய் பிடிக்கிற கருவி), மூளை அலை சோதனை எதையும் ஒருத்தர் சம்மதம் இல்லாம செய்யக் கூடாது, அது தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கற அரசியல் சாசனம் 20(3)-க்கு விரோதம். கண்மணி அளக்குற கருவி அப்ப வழக்குல இல்ல. ஆனா வாயத் தெறக்காதவன் மனசுல இருக்கத அவன் உடம்பு காட்டுறத வச்சு எடுத்து அவனுக்கு எதிரா சாட்சி ஆக்குறதுதான் அங்க பிரச்சினை, கண்மணிய அளக்குறதும் அதுக்குத்தானே, அதனால போலீஸ் ஸ்டேஷன்ல இதுக்கும் அதே காரணம் பொருந்தும்னுதான் எனக்குப் படுது. 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிருச்சு. தனியார் கம்பெனி விஷயத்துல 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேக்கணும்ங்குது, ஆனா வேலைக்கு அலையுற பயலுக்கு "சம்மதம்" பட்டன அமுக்குறதத் தவிர வேற பட்டன் எங்க இருக்கு?

பாளையங்கோட்டை காலேஜ்லயோ வண்ணாரப்பேட்டை ஆபீஸ்லயோ இப்படி ஒரு சாஃப்ட்வேர விக்க வந்தா ஒரே ஒரு சோதனை போதும். ஒருத்தர உக்கார வச்சு மார்க் எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் ஜன்னல் திரைய இழுத்து மூடிட்டு அதே ஆளுக்கு அதே கேள்விய இன்னொரு தடவ கேட்டு மார்க் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மார்க்கும் எவ்வளவு தள்ளி நிக்கோ அவ்வளவும் ஜன்னலோட மார்க்.